ஆறவிட்ட எஃகு

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் சாலையில் திருமலைராயன்பட்டினம் வருகிறது. ஊர்க்காரர்கள் வாயில் அது 'டி.ஆர். பட்டினம்'. அங்கே போலகத்தில் 2000-ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து ஒரு மின் நிலையம் இயங்குகிறது. புதுச்சேரி பவர் கார்ப்பரேஷனுக்குச் சொந்தமான அந்த நிலையத்தின் திறன் 32.5 மெகாவாட். பெரிய அனல் மின் நிலையங்களோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சுவாரசியம் இருக்கிறது. காவிரிப் படுகையில் எடுக்கும் இயற்கை எரிவாயு குழாய் வழியே வந்து டர்பைனில் எரிந்து 22.9 மெகாவாட் தருகிறது. மீதி 9.6 மெகாவாட்டுக்குத் தனியாக எரிவாயு தேவையில்லை. டர்பைனை விட்டு வெளியேறும் புகையிலேயே அதற்கான சூடு இருக்கிறது. சோறு வடித்த கஞ்சியைக் கீழே கொட்டாமல் குடிப்பது போல, அந்தப் புகையின் வெப்பத்தில் தண்ணீரைக் காய்ச்சி, நீராவியாக்கி, இன்னொரு டர்பைனைச் சுற்றவிடுகிறார்கள்.

இந்த வகை டர்பைன்கள் வெளியே விடும் புகை 500 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். அதன் குறுக்கே வரிசை வரிசையாகக் குழாய்கள் நிற்கின்றன. குழாய்க்கு வெளியே அனல் காற்று, உள்ளே அழுத்தம் ஏறிய நீராவி. இரண்டுக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுச் சுவர். அது ஒரு நாள், ஒரு மாதம் தாங்கினால் போதாது. பல பத்தாண்டுகள் தாங்க வேண்டும்.

கொதிகலன்களில் சூடு அதிகம் படும் இடங்களுக்கென்று ஒரு எஃகுக் குடும்பமே இருக்கிறது. கொதிகலன் வேலை தெரிந்தவர்கள் அதை 'டி-11', 'டி-22' என்று எண்ணால் அழைப்பார்கள். சாதாரண எஃகில் கொஞ்சம் குரோமியமும் கொஞ்சம் மாலிப்டினமும் சேர்த்தது. டி-22 என்றால் நூற்றுக்கு இரண்டேகால் பங்கு குரோமியம், ஒரு பங்கு மாலிப்டினம். ஒரு டன் எஃகில் 22 கிலோ சொச்சம் குரோமியமும் 10 கிலோ மாலிப்டினமும் இருக்கும். மற்றதெல்லாம் ஏறக்குறைய இரும்புதான். கையில் எடுத்துப் பார்த்தாலும் சாதாரணக் குழாய்க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அதே நிறம், கிட்டத்தட்ட அதே எடை. உப்புக் காற்றில் வைத்தால் இதுவும் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்வதற்குப் பத்து சதவீதத்துக்கு மேல் குரோமியம் வேண்டும். இரண்டேகால் சதவீதக் குரோமியத்தை வைத்துக்கொண்டு வங்கக் கடலோரத்தில் ஒரு மழைக்காலத்தைக்கூடப் பளபளப்போடு கழிக்க முடியாது.

அப்படியானால் இந்த மூன்றேகால் சதவீதம் எதற்கு?

வாசலில் துணி காயப்போடும் நைலான் கொடியைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். கட்டிய அன்று விறைப்பாக இருக்கும். ஈரத் துணியின் எடை கொடியை அறுக்கும் அளவுக்கு அதிகமில்லை. ஆனாலும் மாதக் கணக்கில் அதே எடை தொங்கினால் கொடி நடுவில் தொய்ந்துவிடும். உலோகமும் சூட்டில் இப்படித்தான் நடந்துகொள்கிறது. பொறியாளர்கள் இதை 'கிரீப்' என்பார்கள்; தமிழில் ஊர்வு எனலாம். சாதாரணச் சூட்டில் எளிதாகத் தாங்கும் சுமையை 500 டிகிரியில் ஏற்றினால் எஃகு உடனே அறுந்துபோகாது. மயிரிழை மயிரிழையாக நீளும். குழாயாக இருந்தால் சுற்றளவு பெருக்கும், சுவர் மெலியும். கடைசியில் ஒரு நாள் பிளக்கும். இருட்டறையில் இரும்பு மங்கலாகச் சிவக்கத் தொடங்குவது ஏறத்தாழ 525 டிகிரியில் என்பதை நினைத்துக்கொண்டால், நீராவிக் குழாய்கள் என்ன நிலையில் வேலை பார்க்கின்றன என்பது புரியும்.

முதலில் கைகொடுத்தது மாலிப்டினம். அரை சதவீதம் சேர்த்தாலே எஃகின் ஊர்வு வெகுவாகக் குறைந்தது. இரும்பு அணுக்களின் அடுக்குக்குள் இடம் பிடிக்கும் மாலிப்டின அணு கொஞ்சம் பருமனானது. உலோகம் நீளுவது என்றால் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதுதான். பருத்த அணுக்கள் அந்த நழுவலுக்குக் குறுக்கே நிற்கின்றன. போதாக்குறைக்குக் கரியோடு சேர்ந்து நுண்ணிய கார்பைடு துகள்களாகவும் ஆங்காங்கே படிந்துகொள்கின்றன. அமெரிக்காவில் 1930-களில் பல மின் நிலையங்கள் இந்த அரை சதவீத மாலிப்டின எஃகை நம்பிக் குழாய் போட்டன.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. 1943 ஜனவரியில் பென்சில்வேனியாவின் ஸ்பிரிங்டேல் மின் நிலையத்தில் உயர் அழுத்த நீராவிக் குழாய் ஒன்று, ஐந்தாண்டுகளுக்கு மேல் ஓடிய பிறகு, பற்றவைப்பை ஒட்டிய இடத்தில் உடைந்தது. வெட்டிப் பார்த்தபோது எஃகுக்குள் கிராஃபைட் இருந்தது, பென்சில் முனையில் இருக்கும் அதே கருப்புப் பொருள். 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததில், இரும்போடு பிணைந்திருந்த கரி பிரிந்து வந்து, பற்றவைப்பின் ஓரத்தில் வரிசையாகச் சேர்ந்துவிட்டது. கிழிப்பதற்கென்று துளையிட்ட தபால் தலைத் தாள் போல அந்த வரிசையில் குழாய் பலவீனப்பட்டுப் போனது.

தீர்வு குரோமியத்தில் கிடைத்தது. கரியை இரும்பைவிட இறுக்கமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அரை சதவீதத்துக்கு மேல் குரோமியம் சேர்ந்தால் கிராஃபைட் பிரிவது நின்றுவிடுகிறது. இன்னும் கூட்டினால் குழாயின் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு படலமும் உறுதிப்படுகிறது. சூடான காற்றும் நீராவியும் எஃகை அரிப்பது குறைகிறது. ஊர்வைத் தடுக்க மாலிப்டினம், கரியைக் கட்டிவைக்கவும் மேற்பரப்பைக் காக்கவும் குரோமியம் என்று இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. ஸ்பிரிங்டேல் உடைப்புக்குப் பிறகு, மிகுந்த சூடுள்ள நீராவிக்கு மாலிப்டினம் மட்டும் சேர்த்த குழாயைப் போடும் வழக்கம் மறைந்தது.

மாலிப்டினத்தின் பெயரிலேயே ஒரு பழைய குழப்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரேக்கத்தில் 'மாலிப்டோஸ்' என்றால் ஈயம். அதன் தாது ஈயத் தாதுவைப் போலவும் கிராஃபைட்டைப் போலவும் கருப்பாக, கையில் ஒட்டும் வழுவழுப்போடு இருந்ததால் வெகுகாலம் மூன்றையும் ஒன்றாகவே எண்ணினார்கள். 1778-இல் ஸ்வீடனின் ஷீலே அது வேறு பொருள் என்று காட்டினார். 1781-இல் யெல்ம் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அந்தத் தாதுவின் வழுவழுப்பு இன்றைக்கும் மெக்கானிக் கடைகளில் பயன்படுகிறது. கருப்பாக இருக்கும் மாலி கிரீஸில் சேர்ப்பது அதைத்தான். குரோமியம் 1797-இல் பாரிசில் வோக்லானுக்குக் கிடைத்தது. நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. மாணிக்கத்தின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும் அந்த உலோகத்தின் கைவண்ணம்தான்.

என்ன சேர்க்கிறோம் என்பது பாதிக் கதை. எப்படிச் சூடாக்கி எப்படி ஆறவிடுகிறோம் என்பது மறுபாதி. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே வெல்லம், அதே தண்ணீர். பதம் தவறினால் ஒன்று உதிர்ந்துபோகும், இல்லையென்றால் கல்லாகிவிடும். கொல்லுப்பட்டறையில் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் கொடுத்தால் வாய் கடினமாகும். அதே இரும்பைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து வைத்தால், விடியும்வரை மெல்ல மெல்ல ஆறி, வளைத்தால் வளையும் பதத்துக்கு வரும். இரண்டாவது வேலைக்குத்தான் தொழிற்சாலை மொழியில் அனீலிங் என்று பெயர்.

டி-22 குழாயை அனீல் செய்ய 900 டிகிரிக்கு மேலே சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் எஃகின் அணு அடுக்கே மாறிவிடுகிறது. கரி முழுக்க இரும்புக்குள் கரைந்துவிடும். பிறகு உலையை விட்டு வெளியே எடுக்காமல் உள்ளேயே மெதுவாக ஆறவிடுவார்கள். அவசரமாகக் குளிர்வித்தால் கரி வெளியேற வழியில்லாமல் அடுக்குக்குள் சிக்கி எஃகை விறைக்க வைக்கும். கடினமாக இருக்கும், ஆனால் நொறுங்கும். நேரம் கொடுத்தால் கரி ஒதுங்கி, மெல்லிய தகடுகளாகவும் துகள்களாகவும் ஓரிடத்தில் சேரும். மற்ற இடமெல்லாம் மென்மையான இரும்பு. நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிர் நிறப் பரப்பின் நடுவே கருந்திட்டுகள் தெரியும்.

கொதிகலன் குழாய்க்கான அமெரிக்கத் தரவிதிகள் இந்த எஃகுக்கு ஒரு வினோதமான நிபந்தனை வைக்கின்றன. அறுந்துபோகும் வலிமை 415 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. அதாவது ஒரு மில்லிமீட்டர் சதுரமுள்ள கம்பியில் 42 கிலோவைத் தொங்கவிட்டாலும் அறுந்துவிடக் கூடாது. இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். கடினத்துக்கோ, இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள்: பிரினெல் அளவில் 163. கடினமாக இருப்பதே நல்ல எஃகுக்கு அடையாளம் என்ற பொது எண்ணத்தை இந்த ஒரு எண் அசைத்துவிடுகிறது. கொதிகலன் குழாயை ஊசிவளைவாக வளைக்க வேண்டும், முனையை விரிக்க வேண்டும், நூற்றுக்கணக்கான இடங்களில் பற்றவைக்க வேண்டும். வளைக்கும்போது விரிசல் விடாத, பற்றவைக்கும்போது வெடிக்காத மென்மைதான் அங்கே முதல் தகுதி. 500 டிகிரிச் சூட்டில் வருடக் கணக்கில் கிடக்கும்போது, வேகமாகக் குளிர்வித்து ஏற்றிய விறைப்பு கரைந்துபோகும். மெதுவாக ஆறிய எஃகோ ஏற்கெனவே நிதானத்துக்கு வந்த எஃகு. சூட்டில் அது பெரிதாக மாறுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

இதே குடும்பத்தில் வேறு வேலைக்குப் பிறந்த உறவினர்களும் உண்டு. கரி கொஞ்சம் கூட, மாலிப்டினம் கால் சதவீதத்துக்குள், குரோமியம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருந்தால் அது 4130, 4140 என்ற வகை. கோவை லேத் பட்டறைகளில் 4140-ஐ ஒத்த எஃகை 'ஈ.என். 19' என்று கேட்டு வாங்குவார்கள். பிரிட்டன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடுத்த எண் அது, பட்டறைப் பேச்சில் அப்படியே நின்றுவிட்டது. பம்பு ஷாஃப்ட், பல்சக்கரம், போல்ட் என்று அதன் வேலைகள் ஏராளம். பட்டறைக்குக் கம்பி வரும்போது அனீல் ஆகியிருந்தால் பிரினெல் 200-ஐ ஒட்டி இருக்கும். டூல் வழுக்கிக்கொண்டு போகும். கடைந்து முடித்த பிறகு மறுபடி சூடாக்கி எண்ணெயில் முக்கித் தோய்த்து, மிதமான சூட்டில் மீண்டும் பதப்படுத்தினால் வலிமை 1000 மெகாபாஸ்கலைத் தாண்டும். இங்கே அனீலிங் வழியில் வரும் ஒரு நிறுத்தம். கொதிகலன் குழாய்க்கு அதுவே இறுதி நிலை.

காரைக்காலுக்கும் இந்த உறவினர்கள் அந்நியமில்லை. ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை நிர்வாகம் நடப்பது நிரவியிலிருந்துதான். எண்ணெய்க் கிணற்றின் வாயில் வால்வுகளை அடுக்கடுக்காகப் பொருத்திய அமைப்பை அந்தத் துறையில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்பார்கள். உலகம் முழுவதும் அதன் உடற்பகுதிகளுக்கு அதிகம் பயன்படும் எஃகுகளில் 4130-க்கு முக்கிய இடம் உண்டு. அங்கேயும் கடினத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. கிணற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்தால், கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து எச்சரிக்கையே இல்லாமல் பிளந்துவிடும். ராக்வெல் சி அளவில் 22-ஐத் தாண்டக் கூடாது என்று அத்துறையின் விதி சொல்கிறது.

ஹைட்ரஜன் இந்தக் கதையில் ஒரு முக்கியப் பாத்திரம். நூறாண்டுக்கு முன் ஜெர்மனியில் கார்ல் பாஷ், காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்ய முயன்றார். அவர் அமைத்த முதல் எஃகு உலைக் குழாய்கள் சுமார் 80 மணி நேரத்தில் வெடித்தன. உள்ளே ஓடிய சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதன் கரியோடு சேர்ந்து மீத்தேனாகியிருந்தது. கரியை இழந்த எஃகு வலுவிழந்தது. மீத்தேன் வெளியேற முடியாமல் உள்ளிருந்தே பிளந்தது. பாஷ் உள்பக்கம் கரியில்லாத மென்மையான இரும்பை வைத்துச் சமாளித்தார். பிற்பாடு அதே சிக்கலுக்கு நிலையான விடை தந்தது, கரியைக் குரோமியமும் மாலிப்டினமும் விடாமல் பிடித்து வைத்திருக்கும் எஃகு. ஸ்பிரிங்டேலில் கிராஃபைட்டைத் தடுத்த அதே பிடிதான் இங்கே மீத்தேனையும் தடுக்கிறது.

நம் ஊர் டீசல் வண்டி ஒவ்வொன்றும் இந்த எஃகுக்குக் கடன்பட்டிருக்கிறது. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 6 எரிபொருள் வந்தபோது, டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது; அதற்கு முந்தைய வரம்பு 50. கந்தகத்தைப் பிரிக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் சூடான ஹைட்ரஜனை அழுத்தத்தோடு டீசலில் செலுத்துகின்றன. அது நடக்கும் உலைக்கலங்களின் கனத்த சுவர் பெரும்பாலும் இரண்டேகால் குரோமியம், ஒரு மாலிப்டினம் எஃகுதான். காரைக்காலுக்குத் தெற்கே நாகூரை அடுத்த பனங்குடியில் 1993-இல் தொடங்கிய காவிரிப் படுகைச் சுத்திகரிப்பு ஆலையை ஆண்டுக்கு 90 லட்சம் டன் கையாளும் ஆலையாகப் புதிதாக எழுப்பத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்த அளவு ஆலைக்கு இப்படிப்பட்ட கலங்களும் குழாய்களும் கணக்கற்றுத் தேவைப்படும்.

கண்ணால் வேறுபடுத்த முடியாத உலோகம் என்பதால் இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. 2005 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் பெருந்தீ மூண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் பராமரிப்புக்காக மூன்று குழாய் முழங்கைகளைக் கழற்றி, சுத்தம் செய்து, மீண்டும் மாட்டியிருந்தார்கள். மூன்றும் ஒரே அளவு, ஒரே தோற்றம். ஒன்று மட்டும் சாதாரணக் கரி எஃகு. மற்றவை ஒன்றேகால் சதவீதக் குரோமியம் உள்ளவை. மாட்டும்போது ஒன்று இடம் மாறிவிட்டது. சூடான ஹைட்ரஜன் ஓடும் இடத்தில் உட்கார்ந்த சாதாரண எஃகு முழங்கை சுமார் 3000 மணி நேரம் தாக்குப்பிடித்து, பிறகு பிளந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பாக்கியம். பொருட்சேதம் 3 கோடி டாலர். 2010 ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலத்தின் அனகார்ட்டஸில் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஹைட்ரஜன் தாக்கிய கரி எஃகு வெப்பப் பரிமாற்றக் கலம் ஒன்று பிளந்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதனால்தான் இன்று ஷட்டவுன் நேரத்தில் ஆலைக்குள் போனால் கைத்துப்பாக்கி போன்ற ஒரு கருவியோடு ஒருவர் குழாய்களைத் தொட்டுத் தொட்டுப் போவதைப் பார்க்கலாம். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரிலிருந்து குரோமியம் எவ்வளவு, மாலிப்டினம் எவ்வளவு என்று சில நொடிகளில் அந்தக் கருவி சொல்லிவிடும். அதைக் கேட்காமல் எந்தக் குழாயையும் நம்பி மாட்டக் கூடாது.

சரியான குழாயே கிடைத்தாலும், பற்றவைக்கும் கை தவறினால் பயனில்லை. திருச்சி திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை, செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பற்றவைப்புக்கென்று தனி ஆராய்ச்சி நிலையமும், இணைப்பில்லாக் குழாய் செய்யும் ஆலையும் அதே வளாகத்தில் வளர்ந்தன. புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் மின் நிலையக் குழாய்களுக்கான பிரிவு 2013 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குரோமியம், மாலிப்டினம் எஃகைப் பற்றவைக்கும் திறமைக்குத் திருச்சி வட்டாரம் ஒரு பள்ளிக்கூடம்.

அந்த வேலையின் நுணுக்கம் கடலோரத்தில் இன்னும் கூடுகிறது. பற்றவைக்கும் கணத்தில் உருகிய எஃகைச் சுற்றிலும் உள்ள குளிர்ந்த குழாய் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அனீல் செய்து ஆற அமர ஆறவிட்ட எஃகு, அந்த ஓரத்தில் மட்டும் தண்ணீரில் முக்கிய அரிவாள் போல் விறைத்துவிடும். அதோடு பற்றவைக்கும் ராடின் பூச்சில் ஈரம் ஏறியிருந்தால், அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து எஃகுக்குள் போய், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து விரிசலை உண்டாக்கும். காரைக்கால் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே ராடை ஓவனில் சுட்டு, சூடு குறையாத பெட்டியில் எடுத்துப்போய், ஒவ்வொன்றாக உருவிப் பயன்படுத்துகிறார்கள். பற்றவைப்பதற்கு முன்பே குழாயை 150 முதல் 200 டிகிரி வரை சூடாக்குவார்கள். குறித்த சூட்டில் உருகும் சாக்பீஸால் கோடு போட்டு அதைச் சரிபார்ப்பார்கள். முடிந்த பிறகு இணைப்பைச் சுற்றி மின்சூட்டுப் பட்டைகளைக் கட்டி, கம்பளி போன்ற காப்பைப் போர்த்தி, 700 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோய், மணிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து ஆறவிடுவார்கள். சைட்டில் அதற்குப் பெயர் 'எஸ்.ஆர்.'. சூடு ஏறி இறங்கிய கோடு ஒரு தாளில் பதிவாகும். உலையில் நடந்த அனீலிங்கின் சின்ன மறுபதிப்பு அது. குழாய்க்குள் மூண்ட பதற்றத்தை அந்த இடத்திலேயே தணிப்பது.

இந்த எஃகுக்கான இரண்டு உலோகங்களும் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கின்றன. தருமபுரிப் பக்கம் அரூர், ஊத்தங்கரை பட்டையில் மாலிப்டினத் தாது இருப்பதைப் புவியியல் துறையினர் கண்டறிந்து துளையிட்டு அளந்திருக்கிறார்கள். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் குரோமியத் தாதுப் பாறை உண்டு. அந்த வட்டாரத்தின் வெண்பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருந்ததால், சந்திரயான் ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோ நிலவு மண்ணை அதிலிருந்து செய்துகொண்டது. ஆனால் இந்தியாவின் குரோமியத் தாது அநேகமாக முழுதும் ஒடிசாவின் சுகிந்தாவிலிருந்து வருகிறது. மாலிப்டினத்தை வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறோம். அரூர் தாது வெட்டுவதற்குக் கட்டுபடியாகும் நாள் வந்தால், ஆண்டாண்டாய் இறக்குமதி செய்யும் ஒரு பொருளில் கொஞ்சமாவது உள்ளூரில் கிடைக்கும். அந்தப் பக்கத்து மக்களின் நிலமும் நீரும் கெடாமல் அதைச் செய்ய முடியுமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

குடும்பத்தின் மிகத் துணிச்சலான பிள்ளை இதே கடற்கரையில் வடக்கே கல்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே 1985-இல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையின் நீராவிக் கலங்களில் இரண்டேகால் குரோமியம், ஒரு மாலிப்டினம் எஃகைத்தான் போட்டார்கள். அடுத்து வந்த 500 மெகாவாட் முன்மாதிரி உலைக்கு ஒன்பது சதவீதக் குரோமியத்துக்குத் தாவினார்கள். வனேடியமும் நையோபியமும் துளி சேர்த்த இந்த எஃகு, 1970-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உருவானது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வினோத் சிக்கா என்ற இந்திய வம்சாவளி உலோகவியலாளர். இதை ஆறவிட்டு மென்மையாக்குவதில்லை. 1050 டிகிரியை ஒட்டிச் சூடாக்கிக் காற்றில் குளிர்வித்து, மறுபடி 750-ஐ ஒட்டிப் பதப்படுத்துகிறார்கள். 585 மெகாபாஸ்கல் வலிமை கிடைக்கிறது. விலை உண்டு: பற்றவைப்பின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் பதம் கெட்டு, வருடங்கள் கழித்து அங்கேயே விரிசல் விடும் நோய். போரான் சேர்த்து அதைக் குறைக்கும் ஆராய்ச்சியில் கல்பாக்கத்து விஞ்ஞானிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

அவர்கள் அதில் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. முன்மாதிரி உலையில் எட்டு நீராவிக் கலங்கள். ஒவ்வொன்றிலும் 547 குழாய்கள். ஒவ்வொரு குழாயும் நடுவில் இணைப்பே இல்லாமல் 23 மீட்டர் நீளம். உள்ளே நீரும் நீராவியும், வெளியே 500 டிகிரியைத் தாண்டிய திரவ சோடியம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கடுகளவு சோடியத்தைத் தண்ணீரில் போட்டபோது தெறித்த தீயைப் பார்த்தவர்களுக்கு, அந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் 2.3 மில்லிமீட்டர் சுவரின் பொறுப்பு எவ்வளவு என்று விளங்கும்.

இந்த எஃகுகளின் ஆயுளை மணிக்கணக்கில்தான் எண்ணுகிறார்கள். ஊர்வு கணக்கிடும்போது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் அளவு ஒரு லட்சம் மணி; இடைவிடாமல் ஓடினால் 11 ஆண்டும் சில மாதமும். 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஒரு நிலையம் ஒரு நாளும் நிற்காமல் ஓடியிருந்தால் 2011-இல் அந்தக் கோட்டைத் தொட்டிருக்கும். லட்சம் மணி முடிந்தால் குழாயைத் தூக்கியெறிய வேண்டும் என்று பொருளில்லை. குறித்த சூட்டுக்குள் ஓடியிருந்தால் அதைத் தாண்டியும் நீண்ட காலம் உழைக்கும். 10, 15 டிகிரி கூடுதலாகத் தொடர்ந்து ஓடினாலே ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பதால், எப்படி ஓடியது என்று பார்த்தே தீர வேண்டும். 400 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் கொதிகலன் உறுப்புகளுக்கு லட்சம் மணிக்குப் பின் மிச்ச ஆயுளை அளந்து பார்க்க வேண்டும் என்று இந்தியக் கொதிகலன் ஒழுங்குவிதிகளும் கேட்கின்றன.

அளப்பதற்குக் குழாயை வெட்ட வேண்டியதில்லை. ஆலையை நிறுத்தி, காப்பை உரித்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடத்தைக் கண்ணாடி போல் தேய்ப்பார்கள். அமிலத்தைத் தொட்டு வைத்தால் உலோகத்தின் மணிகள் எழும்பித் தெரியும். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுத்தால், கைநாட்டு எடுத்ததுபோல் எஃகின் உள்ளமைப்பு படலத்தில் பதிந்திருக்கும். ஆய்வுக்கூட நுண்ணோக்கியில் அந்தப் படலத்தை வைத்துப் பார்ப்பவர் இரண்டு விஷயங்களைத் தேடுகிறார். உலையில் மெதுவாக ஆறியபோது சேர்ந்த கருந்திட்டுகள் இன்னும் அடையாளம் தெரிகின்றனவா, உருண்டு திரண்டு மணி ஓரங்களுக்குப் போய்விட்டனவா? ஓரங்களில் ஊர்வின் அடையாளமாக ஊசிமுனைப் புள்ளிகள் தோன்றியிருக்கின்றனவா, தோன்றியவை வரிசையாகச் சேரத் தொடங்கிவிட்டனவா? புள்ளி இல்லையென்றால் காப்பை மறுபடி போர்த்தி, தேதி குறித்து, அடுத்த சோதனை வரை நிலையத்தை ஓடவிடுகிறார்கள்.